6-பிட் குறி: லென்ஸை கேமரா அடையாளம் கண்டால் படத்தில் உண்மையில் என்ன மாறுகிறது?

#1 அகலக்கண்

வணக்கம். லைக்கா எம்9 பாடி, அதில் ஃபோக்ட்லாண்டர் 15 மி.மீ. எஃப் 4.5 (1999-இல் வந்த முதல் வடிவம், திருகு மவுண்ட்), இடையில் 6-பிட் குறி (மாட்டியிருப்பது எந்த லென்ஸ் என்று கேமராவுக்குச் சொல்லும் புள்ளிகள்) இல்லாத சாதாரண அடாப்டர். லென்ஸ் டிடெக்‌ஷன் (லென்ஸை அடையாளம் காணும் அமைப்பு) ஆஃபில் வைத்து மேகமூட்டமான வானத்தை எடுத்தால் இடது ஓரம் சிவப்பு கலந்த மெஜந்தா, வலது ஓரம் பச்சை. நடுவில் மட்டும் நிறம் சரியாக இருக்கிறது. மெனுவில் கையால் ஒரு 21 மி.மீ. லென்ஸைத் தேர்ந்தெடுத்தால் பாதி சரியாகிறது.

மூன்று விஷயம் தெளிவாக வேண்டும். ஒன்று, இந்தக் குறி எக்ஸிஃபில் (படத்தோடு சேர்ந்து பதிவாகும் விவரக் குறிப்பு) லென்ஸ் பெயரை எழுதுவதற்கு மட்டும்தானா, இல்லை ரா கோப்பின் (சென்சார் தரவைச் சேமிக்கும் கோப்பு) பிக்சல்களையே மாற்றுகிறதா? இரண்டு, 15-க்கு எந்தக் குறி பொருந்தும்? மூன்று, அடாப்டரில் நானே குறி போட்டுக்கொள்ளலாமா, மெனுவே போதுமா?

#2 குவியம்

முதல் கேள்விக்கு நேரடி பதில்: பிக்சல்களை மாற்றுகிறது. எம்9, அதற்கு முந்தைய எம்8 இரண்டிலும் ஓர நிறத் திருத்தமும் ஓர இருட்டுக்கான திருத்தமும் டி.என்.ஜி. என்ற ரா கோப்புக்குள்ளேயே போய்விடுகின்றன. ஜேபெக்குக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் நிறைய பேர், அப்படியில்லை. ராவை எந்த மென்பொருளில் திறந்தாலும் திருத்தம் ஏறிய எண்கள்தான் வரும், பிறகு அதைக் கழற்ற முடியாது.

குறி என்பது என்ன? லென்ஸின் பின்பக்க உலோக வளையத்தில் ஆறு சிறு குழிகள். ஒவ்வொன்றிலும் கறுப்போ வெள்ளையோ வண்ணம். ஆறு பிட், ஆக 64 சேர்க்கைகள். பாடியின் மவுண்ட் வளையத்தில் அதற்கு நேரே ஒரு சின்ன கறுப்புச் சாளரம் இருக்கும். அங்கிருந்து வெளிச்சம் போய்த் திரும்பி வருவதை வைத்து கேமரா படிக்கிறது. மின்தொடர்பு எதுவும் கிடையாது. அதனால்தான் 1954-இல் வந்த எம் மவுண்டையே மாற்றாமல் 2006-இல் இதைச் சேர்க்க முடிந்தது.

இந்த ஆறு பிட்டைத் தவிர கேமரா இன்னொன்றையும் பார்க்கிறது. லென்ஸ் மாட்டும்போது வியூஃபைண்டர் சட்டகக் கோடுகளைத் தள்ளும் நெம்புகோல் எந்த நிலையில் நிற்கிறது என்பது. எம்9-இல் 28/90, 35/135, 50/75 என மி.மீ. ஜோடிகளாக மூன்று நிலை. குறியும் சட்டகமும் ஒத்துப்போனால்தான் ‘இந்த லென்ஸ்’ என்று கேமரா முடிவு செய்யும். சொந்தமாகக் குறி போடுபவர்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். லைக்காவின் 21 மி.மீ. எல்மாரிட் லென்ஸின் குறியைச் சரியாக வரைந்திருப்பார்கள், ஆனால் அடாப்டர் 50/75 சட்டகத்தைக் கொண்டுவரும். கேமரா ஏற்காது.

குறி சொல்லாதவை: அப்பர்ச்சர், ஃபோகஸ் தூரம். எக்ஸிஃபில் வரும் அப்பர்ச்சர் எண் ஓர் ஊகம். பாடியின் முன்பக்கத்தில் உள்ள சின்ன சென்சார் வெளிச்சத்தை அளக்கிறது, லென்ஸ் வழியாக வருவதை மீட்டர் அளக்கிறது, இரண்டின் வித்தியாசத்திலிருந்து கணக்கிடுகிறது. லென்ஸில் ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் போட்டாலோ, விரல் அந்தச் சென்சாரை மறைத்தாலோ அந்த எண் தவறாகிவிடும்.

#3 இருட்டறை

குவியம் சார் சொன்னதோடு, ஓரத்தில் நிறம் ஏன் மாறுகிறது என்பதையும் சேர்த்துப் புரிந்துகொண்டால் எந்தக் குறி என்பது தானாகத் தெரியும்.

எம் மவுண்டில் வளையத்துக்கும் சென்சாருக்கும் 27.8 மி.மீ. நடுவில் கண்ணாடி ஆடி இல்லாததால் லென்ஸின் பின்பகுதி பாடிக்குள் ஆழமாக நுழையலாம். பழைய சமச்சீர் அகலக்கோண லென்ஸ்கள் அப்படித்தான் செய்யப்பட்டவை. ஃபிலிமுக்கு அது நல்லது, ஏனென்றால் ஃபிலிம் சாய்ந்து வரும் ஒளியைப் பற்றி அதிகம் கவலைப்படாது. சென்சாரில் ஒவ்வொரு பிக்சலும் ஒரு கிணறு மாதிரி. மேலே மைக்ரோலென்ஸ், அதன் கீழே நிற ஃபில்டர், அதன் கீழே சிலிக்கான். ஒளி சாய்ந்து விழுந்தால் ஒரு பகுதி பக்கத்துப் பிக்சலுக்குப் போய்விடும். பக்கத்துப் பிக்சல் வேறு நிறம். அதிலும் சிவப்பு ஒளி சிலிக்கானுக்குள் ஆழமாக இறங்கித்தான் உறிஞ்சப்படுகிறது. ஆகவே சிவப்பில் கசிவு அதிகம்.

எவ்வளவு சாய்வு? கணக்கு எளிது. 24×36 சென்சாரில் நடுவிலிருந்து மூலைக்கு 21.6 மி.மீ. லென்ஸின் வெளியேறு துளை, அதாவது சென்சார் பக்கமிருந்து பார்த்தால் ஒளி எங்கிருந்து வருவதுபோல் தெரிகிறதோ அந்த இடம், 20 மி.மீ. தள்ளி இருந்தால் மூலையில் ஒளி சுமார் 47 டிகிரி சாய்ந்து விழும். அதே துளை 45 மி.மீ. தள்ளி இருந்தால் 26 டிகிரிக்குள் அடங்கிவிடும். இரண்டுமே 21 மி.மீ. லென்ஸாக இருக்கலாம். குவியத் தூரம் ஒன்றே என்றாலும் சென்சார் படும் பாடு வேறு.

இந்தச் சாய்வை எதிர்பார்த்துத்தான் எம்8, எம்9 இரண்டின் கோடாக் சென்சார்களிலும் ஓரத்து மைக்ரோலென்ஸ்களை நடுப்பக்கமாக நகர்த்தி வைத்தார்கள். அப்படியும் மிச்சம் இருப்பதைத்தான் குறியை வைத்து மென்பொருள் திருத்துகிறது. இடது வலது சமமாக இல்லாமல் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை என்று வருவது எம்9 பயனர்களிடம் இத்தாலியக் கொடி என்றே பெயர் வாங்கிய விஷயம். பிறகு வந்த ஃபர்ம்வேர்கள் (கேமராவின் உள் மென்பொருள்) அதைக் குறைத்தன. பழைய ஃபர்ம்வேரோடு இருந்தால் முதலில் அதைப் புதுப்பியுங்கள் அகலக்கண்.

#4 பித்தளைத்தடம்

ஒரு விஷயத்தை வலியுறுத்த வேண்டும். எம்8-க்கும் எம்9-க்கும் குறி செய்யும் வேலை வேறு. இணையத்தில் கிடைக்கும் ‘15-க்கு இந்தக் குறி, 21-க்கு இந்தக் குறி’ பட்டியல்களில் இரண்டையும் கலந்துவிடுகிறார்கள். எம்8-க்குச் சரியாக இருந்த குறி எம்9-இல் சொதப்புவது அதனால்தான்.

எம்8 (2006) சென்சார் மேல் இருக்கும் கண்ணாடி வெறும் 0.5 மி.மீ. அகச்சிவப்பைத் தடுக்க அது போதவில்லை. கறுப்பு பாலியெஸ்டர் துணி ஊதாவாக வந்தது, இலைகள் மஞ்சளாக வந்தன. தீர்வாக லென்ஸின் முன்னால் யூ.வி./ஐ.ஆர். ஃபில்டர் போடச் சொல்லி, வாங்கியவர்களுக்கு இரண்டு ஃபில்டர் இலவசமாகவும் கொடுத்தார்கள். இந்த ஃபில்டர் நிறக் கண்ணாடி இல்லை, அடுக்கடுக்கான பூச்சு. நேராக வரும் ஒளியில் 700 நானோமீட்டர் அருகே வெட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாய்ந்து வந்தால் வெட்டும் இடம் குறைந்த அலைநீளத்துக்கு நகரும். பூச்சின் சராசரி ஒளிவிலகல் எண்ணை 1.8 என்று வைத்து எம்8-இன் மூலைக்குக் கணக்குப் போட்டால் 50 மி.மீ. லென்ஸில் 690, 28-இல் 672, 21-இல் 658, 15-இல் 639. அதாவது 15 மி.மீ.யில் மூலையில் நிஜமான சிவப்பே வெட்டுப்படுகிறது. சிவப்பு போனால் மிச்சம் சயான், அதாவது நீலப்பச்சை. எம்8-இன் சயான் மூலைகள் இதுதான்.

கவனியுங்கள், ஃபில்டர் லென்ஸின் முன்னால் இருக்கிறது. ஆகவே கோணத்தை நிர்ணயிப்பது எவ்வளவு அகலமாகப் பார்க்கிறீர்கள் என்பது மட்டுமே. லென்ஸின் பின்பக்கம் எப்படி இருந்தாலும் சயான் அளவு ஒன்றுதான். அதனால் எம்8-இல் ஃபில்டரோடு குறி தேர்ந்தெடுக்கும்போது குவியத் தூரம் ஒத்துப்போக வேண்டும். 21 மி.மீ. ஃபோக்ட்லாண்டருக்கு லைக்கா 21 குறி கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும்.

எம்9-இல் (2009 செப்டம்பர்) மூடு கண்ணாடி 0.8 மி.மீ., அகச்சிவப்புத் தடுப்பு அங்கேயே. முன்னால் ஃபில்டர் வேண்டாம். மிச்சம் இருப்பது இருட்டறை சொன்ன பின்பக்கச் சாய்வு மட்டும். இங்கே குவியத் தூரத்தைவிட லென்ஸின் வடிவமைப்புதான் முக்கியம். பின்பகுதி ஆழமாக உள்ளே போகும் 21-க்கு, பின்பகுதி சென்சாரிலிருந்து தள்ளியே நிற்கும் புதிய ரெட்ரோஃபோகஸ் 21-இன் குறி கொடுத்தால் திருத்தம் போதாது. பழைய 21 எல்மாரிட்டின் குறியோ, சில சமயம் குவியத் தூரமே வேறான ஒரு குறியோ கூடப் பொருந்தலாம்.

இன்னொன்று: எம்8-இலிருந்து எம்9-க்கு மாறியவர்கள் யூ.வி./ஐ.ஆர். ஃபில்டரை லென்ஸிலேயே விட்டுவிடுகிறார்கள். எம்9 மெனுவில் அந்த ஃபில்டருக்கான தேர்வே கிடையாது. சயான் அப்படியே நின்றுவிடும். கழற்றுங்கள்.

#5 அகலக்கண்

இது தெரியாமல்தான் எம்8-க்கான பட்டியலைப் பார்த்து எம்9-இல் முயன்றுகொண்டிருந்தேன். நன்றி. அப்படியென்றால் 15-க்கு எந்தக் குறி என்று எப்படிச் சோதிப்பது? சுவரை எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வருகிறது.

#6 இருட்டறை

சுவரை விடுங்கள். எந்தச் சுவரிலும் ஒளி சமமாக விழாது, ஒரு பக்கம் ஜன்னல், மறுபக்கம் தரையின் எதிரொளி. 3 மி.மீ. பால்வெள்ளை அக்ரிலிக் துண்டு ஒன்று, லென்ஸின் முன்பக்கத்தை முழுதாக மூடும் அளவு. பெயர்ப்பலகை செய்யும் கடையில் வெட்டிய துண்டாகவே கிடைக்கும். அதை லென்ஸோடு ஒட்டிப் பிடித்து, வெயில் நேராகப் படாத வானத்தை நோக்கிக் காட்டுங்கள்.

ஃபோகஸ் முடிவிலி. அப்பர்ச்சர் எஃப் 5.6 அல்லது 8, எல்லாப் படத்துக்கும் ஒன்றே. வெள்ளைச் சமநிலையை ஆட்டோவில் விடாதீர்கள். விட்டால் ஓர நிறம் நடுநிறத்தையும் இழுத்துக்கொண்டு போகும். ஐ.எஸ்.ஓ. 160. மீட்டர் காட்டுவதைவிட ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) கூடுதல், எந்த நிறமும் முட்டாமல். முதலில் டிடெக்‌ஷன் ஆஃப், ஒரு படம். பிறகு கேமராவை 180 டிகிரி தலைகீழாகத் திருப்பி இன்னொரு படம். இரண்டிலும் சிவப்பு படத்தின் இடது பக்கமே இருந்தால் அது சென்சார்-லென்ஸ் விவகாரம். பக்கம் மாறினால் உங்கள் ஒளி சமமில்லை, இடத்தை மாற்றுங்கள்.

அதன் பின் மெனுவில் ஒவ்வொரு லென்ஸாகத் தேர்ந்து ஒவ்வொரு படம். எல்லாவற்றையும் முயல வேண்டியதில்லை. 15-க்கு முதலில் பார்க்க வேண்டியவை: 21 எஃப் 2.8 என்று 11134 எண்ணோடு வரும் பழைய எல்மாரிட், பிறகு மூன்று குவியத் தூரம் கொண்ட ட்ரை-எல்மார் 16-18-21-இல் 16 மி.மீ. இரண்டாவது பெயரளவில் நெருக்கம். ஆனால் அது ரெட்ரோஃபோகஸ் லென்ஸ், சாய்வு குறைவு, ஆகவே திருத்தமும் குறைவு. அதனால் 21 பழையது பல சமயம் முந்துகிறது.

கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ரா தெரப்பி மாதிரி இலவச மென்பொருளில் திறந்து, நடுவில் ஒரு இடம், இடது ஓர மத்தி, வலது ஓர மத்தி, நான்கு மூலை என்று ஏழு இடங்களில் சிவப்பு, பச்சை, நீல எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சிவப்பை பச்சையால் வகுத்து வரும் எண் நடுவில் எவ்வளவோ, ஓரத்திலும் அவ்வளவு வர வேண்டும். நீலத்துக்கும் அப்படியே. ஓரம் இருட்டாக இருப்பது வேறு கணக்கு, அதை இங்கே சேர்க்காதீர்கள். இரண்டு பக்கத்தின் விகிதமும் நடுவோடு நெருங்கி வரும் குறியே உங்களுக்கானது. ஒரு பக்கம் சரியாகி மறுபக்கம் கெட்டால் அந்தக் குறி வேண்டாம்.

#7 பிட்ஆறு

மூன்றாவது கேள்விக்கு நான்.

எம்9-இல் மெனுவில் கையால் தேர்ந்தெடுக்கலாம், சட்டகத் தொல்லையும் இல்லை. ஒரே லென்ஸோடு திரிபவருக்கு அதுவே போதும். எம்8-இல் கையால் தேர்வு கிடையாது; அங்கே குறி போடுவதைத் தவிர வழியில்லை. 2016-இல் வந்த திரையில்லாத எம்-டி-யிலும் அப்படித்தான், மெனுவே இல்லையே.

இரண்டு மூன்று லென்ஸ் மாற்றுபவர்கள் மெனுவை நம்ப வேண்டாம். கையால் தேர்ந்த லென்ஸ் அப்படியே நிற்கும். 15-ஐக் கழற்றி 50 மாட்டி, மெனுவை மறந்தால், 50-இன் படங்களில் இல்லாத குறைக்குத் திருத்தம் ஏறி இடது ஓரம் பச்சையாகவும் மூலைகள் வெளுத்தும் வரும். டி.என்.ஜி.யில் ஏறிவிட்டதால் பிறகு எளிதில் எடுக்கவும் முடியாது. ஆட்டோ ஐ.எஸ்.ஓ.வில் ஷட்டர் வரம்பை ‘லென்ஸைப் பொறுத்து’ என்று வைத்திருந்தால் இன்னொரு கேடு: 90 மி.மீ. மாட்டியிருக்கும்போது கேமரா அதை 21 என்று நினைத்து 1/20-க்கு அருகே வரை இறங்கும். படம் ஆடிப்போகும், காரணம் தெரியாது.

இனி அடாப்டரில் குறி போடும் முறை.

திருகு மவுண்டின் தூரம் 28.8 மி.மீ., எம் மவுண்ட் 27.8. ஆகவே அடாப்டரின் தடிமன் சரியாக 1 மி.மீ. அடாப்டர் வாங்கும்போதே சட்டக வகையைப் பாருங்கள். 28-90, 35-135, 50-75 என்று மூன்று வகை உண்டு. 21 எல்மாரிட் குறிக்கு 28-90 வகைதான் வேண்டும். ஆறு குறிக்கும் குழியோ பள்ளமோ வெட்டிய அடாப்டர்களும் விற்கிறார்கள். கொஞ்சம் விலை கூடினாலும் அதையே வாங்குங்கள். மட்டமான உலோகத்தின் மேல் போட்ட வண்ணம் பாடியின் வளையத்தோடு உரசி, சில முறை மாட்டிக் கழற்றியதும் சாம்பலாகத் தேயும்.

குறி வரும் இடத்தைக் கண்டுபிடிக்க மிக நம்பகமான வழி, குறி உள்ள அசல் லென்ஸ் ஒன்றின் பின் வளையத்தின் மேல் தடமெடுக்கும் தாளை வைத்து வரைந்துகொள்வது. வளையத்தின் வெளி விளிம்பு, பூட்டு ஊசி விழும் பள்ளம், ஆறு குழி, இவ்வளவும் தாளில் வர வேண்டும். அந்தப் பள்ளத்தை அடாப்டரின் பள்ளத்தோடு பொருத்தினால் இடம் தப்பாது. உங்களிடம் குறி உள்ள 28 எல்மாரிட் இருந்தால் அதையே பயன்படுத்தலாம். இணையத்தில் கிடைக்கும் அச்சு வார்ப்புகளை எடுத்தால் 100 சதவீத அளவில் அச்சாகியிருக்கிறதா என்று ஸ்கேலால் அளந்துவிட்டு நம்புங்கள். பட்டியலில் உள்ள ஆறு இலக்கங்களை எந்தத் திசையில் படிப்பது என்பதிலும் கவனம் தேவை. தலைகீழாக எழுதினால் அது வேறொரு லென்ஸின் குறியாக இருக்கலாம். கேமரா பிழை சொல்லாது, அந்த வேறு லென்ஸ் என்றே நம்பும். எந்தத் திசை என்று சந்தேகம் வந்தால் அதே 28-இன் குறியைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பிசுக்கை நீக்குங்கள். கறுப்புக்கு மேட் எனாமல், பொம்மை விமானங்களுக்குப் பூசுவது. பளபளக்கும் கறுப்பு வேண்டாம், ஒளியைத் திருப்பி அனுப்பும். சாய மையாலான மார்க்கர் பேனாவும் வேண்டாம்: கண்ணுக்குக் கறுப்பாக இருந்தாலும் வாசிப்பானுக்கு வெளிறித் தெரியலாம், தவிர விரைவில் அழியும். பல்குத்தும் குச்சியின் முனையில் தொட்டு, குழியை நிரப்பாமல் அடியில் மட்டும் பரவவிடுங்கள். வண்ணம் மேலே புடைத்தால் மவுண்ட் சரியாக உட்காராது. ஒரு நாள் காயட்டும்.

பளபளக்கும் குரோம் வளையமாக இருந்தால் வெள்ளை பிட்களுக்கு வண்ணமே இல்லாமலும் வேலை செய்யும். தேய்ந்த பித்தளையோ கறுப்பு அனோடைஸோ என்றால் வெள்ளையும் பூசித்தான் ஆக வேண்டும். வளையத்தில் குறி விழும் இடத்தில் ஒரு திருகின் தலை வந்தால் வாசிப்பான் அதைக் கறுப்பாகப் படிக்கும். அந்த பிட் கறுப்பாகவே இருக்கும் குறியைத் தேர்ந்தெடுப்பது எளிது, இல்லையென்றால் திருகுத் தலையில் வெள்ளை.

மாட்டியதும் மெனுவில் ஆட்டோமேட்டிக் வைத்து ஒரு படம் எடுத்து எக்ஸிஃபைப் பாருங்கள். பெயர் வரவில்லையா? சட்டக நெம்புகோலை 28/90 நிலைக்கு விரலால் தள்ளிப் பிடித்தபடி இன்னொரு படம். இப்போது வந்தால் உங்கள் குறி சரி, அடாப்டரின் சட்டக வகைதான் தவறு. இரண்டிலும் வரவில்லையென்றால் குறியின் இடமோ வண்ணமோ.

#8 குவியம்

பிட்ஆறு சொன்னதில் ஒரு சேர்க்கை. அசல் லென்ஸின் பின் வளையத்தையே மாற்றி, குறி வெட்டிய வளையம் போடுபவர்கள் தடிமனை மைக்ரோமீட்டரால் அளக்காமல் செய்யக்கூடாது. எஃப் 1.4-இல், மங்கல் வட்டத்தை (படம் கூர்மையாகத் தெரியும்வரை அனுமதிக்கும் மங்கல் அளவு) 0.015 மி.மீ. என்று வைத்தால், சென்சார் பக்கம் அனுமதி இரு பக்கமும் 0.021 மி.மீ. தான். வளையம் 0.03 தடித்தாலே முடிவிலியில் ஃபோகஸ் போய்விடும். 15 எஃப் 4.5-இல் சட்டென்று தெரியாது, 50 எஃப் 1.4-இல் முதல் படத்திலேயே தெரியும்.

#9 நேர்கோடு

எனக்கு இதில் உடன்பாடில்லை. வேறு நிறுவனத்தின் லென்ஸுக்கு லைக்காவின் குறியைப் போட்டு, ‘கிட்டத்தட்ட’ பொருந்தும் திருத்தத்தை ராவுக்குள் நிரந்தரமாக ஏற்றுவது எதற்கு? டிடெக்‌ஷனை ஆஃபில் வைத்து, பால்வெள்ளைப் படம் ஒன்றைக் கூடவே எடுத்து, மென்பொருளில் திருத்தினால் உங்கள் லென்ஸுக்கும் உங்கள் சென்சாருக்கும் அச்சாகப் பொருந்தும். கார்னர்ஃபிக்ஸ் என்ற இலவச மென்பொருள் இதற்காகவே எழுதப்பட்டது: வெள்ளைப் படத்திலிருந்து ஒரு புரொஃபைல் செய்து, மற்ற டி.என்.ஜி.களுக்கு அதை ஏற்றித் தனிக் கோப்பாகக் கொடுக்கும். அசல் அப்படியே இருக்கும். கேப்சர் ஒன்னில் எல்.சி.சி. என்ற வசதி, லைட்ரூம் கிளாசிக்கில் நூலகப் பகுதியின் மெனுவில் ஃப்ளாட்-ஃபீல்டு திருத்தம், இரண்டும் இதே வேலையைச் செய்யும்.

லைட்ரூமில் ஒரு நிபந்தனை. வெள்ளைப் படம், திருத்த வேண்டிய படங்களுக்கு நேர் முன்னாலோ பின்னாலோ வரிசையில் இருக்க வேண்டும். அப்பர்ச்சர் மாறினால் புதிய வெள்ளைப் படம். எஃப் 4.5-இல் எடுத்ததை எஃப் 11-க்குப் போட்டால் மூலைகள் தேவைக்கு மேல் வெளுக்கும், ஏனென்றால் லென்ஸின் விளிம்பு மறைப்பதால் வரும் இருட்டு அப்பர்ச்சரை மூடினால் குறையும். கோணத்தால் வரும் இருட்டு குறையாது. நிறச் சாய்வு அப்பர்ச்சரால் அவ்வளவு மாறாது.

#10 இருட்டறை

நேர்கோடு சொல்வது கட்டடம், ஓவியப் பிரதி, பனோரமா எடுப்பவர்களுக்கு முழுக்கச் சரி. பனோரமாவில் இன்னும் கூடுதலாக: ஒவ்வொரு சட்டத்தின் இடது ஓரச் சிவப்பு அடுத்ததன் வலது ஓரப் பச்சையோடு ஒட்டும்போது வானத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். குறி போட்டாலும் கொஞ்சம் மிஞ்சும். அங்கே வெள்ளைப் படம்தான் ஒரே வழி.

ஆனால் தெருவில் நடந்துகொண்டே எடுப்பவர் ஒவ்வொரு அப்பர்ச்சருக்கும் அக்ரிலிக் துண்டைத் தூக்கிக்கொண்டிருக்க முடியாது. பத்தில் எட்டு பங்கு சரியாகும் குறி, எதுவும் இல்லாததைவிட நல்லது. இரண்டையும் சேர்த்தும் செய்யலாம்: குறியோடு எடுங்கள், அதே குறியோடு வெள்ளைப் படமும் எடுத்து, மிச்சத்தை மென்பொருளில் போக்குங்கள். குறி இருக்கும் நிலையில் எடுத்த வெள்ளைப் படத்தை, குறி இல்லாமல் எடுத்த படங்களுக்குப் போட்டுவிடாதீர்கள். அது மட்டும் நினைவிருக்கட்டும்.

எம்8-இல் மட்டும் ஒரு எச்சரிக்கை. யூ.வி./ஐ.ஆர். ஃபில்டர் இல்லாமல் எடுத்ததை எந்த வெள்ளைப் படமும் காப்பாற்றாது. ஊதாத் துணி ஓர நிறப் பிரச்சினை இல்லை, நடுவிலும் இருக்கும், பொருளுக்குப் பொருள் மாறும். எம்8 மெனுவில் ஆஃப், ஆன், ஆன் + யூ.வி./ஐ.ஆர். என்று மூன்று. ஃபில்டர் இல்லாமல் மூன்றாவதை வைத்தால் மூலைகள் சிவக்கும். ஃபில்டரோடு ஆஃபில் வைத்தால் மூலைகள் சயான். படத்தைப் பார்த்தே எது தவறு என்று சொல்லிவிடலாம்.

#11 பித்தளைத்தடம்

எவ்வளவு திருத்துகிறோம் என்பதற்கும் விலை உண்டு. 15 மி.மீ. சமச்சீர் லென்ஸை முழுச் சட்டச் சென்சாரில் (24×36) வைத்தால் மூலை 55 டிகிரிக்கு அப்பால். கோசைன் நான்காம் அடுக்கு விதிப்படி மூலைக்கு வரும் ஒளி நடுவில் வருவதில் பத்தில் ஒரு பங்கு, 3.2 ஸ்டாப் குறைவு. இதை முழுதாகச் சமன் செய்தால் ஐ.எஸ்.ஓ. 160-இல் எடுத்த படத்தின் மூலை ஐ.எஸ்.ஓ. 1500-இல் எடுத்ததற்குச் சமம். எம்9-இன் சி.சி.டி. சென்சாரில் நிழல் பகுதிகளில் அது நன்றாகத் தெரியும், நிறப் புள்ளிகளோடு. கேமராவின் திருத்தம் ஓர இருட்டை முழுதும் போக்காமல் கொஞ்சம் விட்டுவைப்பது நல்ல முடிவு என்பேன். மென்பொருளில் செய்பவர்களும் நிறத்தை முழுதாகவும், இருட்டைப் பாதி அளவுக்கும் திருத்தினால் படம் இயல்பாக இருக்கும். கார்னர்ஃபிக்ஸில் இரண்டையும் தனித்தனியே அமைக்கலாம்.

குறியால் தொடவே முடியாத குறை ஒன்று: மூலைகளில் விவரம் குழம்பிப்போவது. சென்சாருக்கு முன்னால் உள்ள கண்ணாடியை ஒளி சாய்ந்து கடக்கும்போது ஃபோகஸ் இடம் மாறுகிறது. ஃபிலிமுக்காகக் கணக்கிட்ட லென்ஸுக்கு அந்தக் கண்ணாடி ஒரு வேண்டாத பகுதி. கண்ணாடி தடிக்கத் தடிக்க மோசம். எம் பாடிகளில் அதை ஒல்லியாக வைத்ததற்கும், அதன் விலையாக எம்8-இல் அகச்சிவப்பு புகுந்ததற்கும் காரணம் இதுதான். எந்தக் குறியும் எந்த வெள்ளைப் படமும் அதைத் திருத்தாது. எஃப் 8 வரை மூடினால் ஓரளவு குறையும்.

#12 அகலக்கண்

2012-இல் வந்த எம் மோனோகுரோமுக்கும் இந்தக் குறி தேவையா? நண்பர் ஒருவர் இதே 15-ஐ அதில் மாட்ட நினைக்கிறார்.

#13 குவியம்

மோனோகுரோமில் நிற ஃபில்டரே இல்லை. பக்கத்துப் பிக்சலுக்குக் கசிந்தாலும் அதுவும் அதே சாம்பல். சிவப்பு ஓரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஓர இருட்டும், எக்ஸிஃப் பெயரும், ஆட்டோ ஐ.எஸ்.ஓ. வரம்பும் மட்டுமே மிச்சம். அந்த 15-க்கு உண்மையிலேயே பொருத்தமான பாடி அது.

நிறம்தான் வேண்டும், எம்9-ஐயும் விடுவதில்லை என்றால், 2015-இல் வந்த மூன்றாம் வடிவ 15-ஐப் பாருங்கள். டிஜிட்டல் சென்சாரை மனதில் வைத்து மறுபடி கணக்கிட்டது. வெளியேறு துளையைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அளவும் எடையும் கூடியது அதற்கான விலை. அதில் குறி இல்லாமலேயே ஓர நிறம் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

#14 பிட்ஆறு

புதிய பாடி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எம்10 (2017), எம்11 (2022) சென்சார்கள் சாய்ந்த ஒளியை எம்9-ஐவிட நன்றாகத் தாங்குகின்றன, அதிலும் எம்11-இன் பின்பக்க ஒளி சென்சாரில் ஒளி உணரும் பகுதி மேலேயே இருப்பதால் கசிவுக்கு இடம் குறைவு. ஆகவே எம்9-க்குக் கண்டுபிடித்த ‘சரியான’ குறி அங்கே மிகைத் திருத்தமாகலாம். பாடி மாற்றினால் அக்ரிலிக் சோதனையை முதலிலிருந்து செய்யுங்கள்.

எக்ஸிஃபில் லென்ஸ் பெயர் தவறாக இருப்பது படத்தின் தரத்தைத் தொடாது. ஆனால் லைட்ரூம் அந்தப் பெயரைப் பார்த்துத் தன் லென்ஸ் புரொஃபைலை ஏற்றும். 15-க்கு 21 குறி போட்டவர்கள் அந்தப் பெட்டியை அணைத்துவைக்க வேண்டும், இல்லையென்றால் கேமரா ஏற்கெனவே ஓரத்தை வெளிச்சமாக்கியதன் மேல் இன்னொரு தடவை, அதுவும் வேறு லென்ஸுக்கான கணக்கில் ஏறும். நேர்கோடுகள் வளைவதற்கும் அது போதும். பெயரை மட்டும் திருத்த எக்ஸிஃப்டூல் போதும், மொத்தக் கோப்புறைக்கும் ஒரே கட்டளை.

#15 அகலக்கண்

28-90 அடாப்டரில் மேட் எனாமலால் 11134 குறி போட்டேன். எக்ஸிஃபில் 21 என்று வருகிறது, ஆனால் ஐந்து படத்தில் ஒன்றில் பெயரே இல்லை. வண்ணம் சிதையவில்லை, பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டேன்.

#16 பிட்ஆறு

விட்டு விட்டு வந்தால் மூன்று இடம் பாருங்கள். பாடியின் வளையத்தில் உள்ள வாசிப்புச் சாளரத்தில் உராய்வால் வந்த பித்தளைத் தூளோ கிரீஸோ படிந்திருக்கும். பஞ்சு சுற்றிய குச்சியை ஆல்கஹாலில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, ஒரே திசையில் ஒருமுறை துடையுங்கள். சொட்டு உள்ளே போகக்கூடாது; கேமரா முகம் கீழ்நோக்கி இருக்கட்டும். அடுத்து, அடாப்டர் லென்ஸில் முழுதும் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போது அடாப்டர் ஒரு டிகிரி நழுவினாலும் குறி சாளரத்தின் விளிம்புக்குப் போய்விடும். மூன்றாவது சட்டக நெம்புகோல். அடாப்டரின் பல் கொஞ்சம் குட்டையாக இருந்தால் நெம்புகோல் 28/90 நிலைக்கு முழுதும் வராமல் எல்லையில் நிற்கும். வியூஃபைண்டரில் பார்த்தால் இரண்டு ஜோடிக் கோடுகள் சேர்ந்து மங்கலாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் துடைப்பதால் பயனில்லை, அடாப்டரை மாற்றுங்கள்.

#17 அகலக்கண்

வியூஃபைண்டரில் 28-இன் கோட்டோடு 50-இன் மூலையும் லேசாகத் தெரிகிறது. நெம்புகோலைத் தள்ளிப் பிடித்தபடி இருபது படம் எடுத்தேன், இருபதிலும் பெயர் வருகிறது. அடாப்டர்தான். வேறு வாங்கிக் குறி போட்டபின் ஏழு இட அளவுகளை இங்கே பதிகிறேன்.